கோரைக் கட்டு

குதிரை வண்டிக்காரன் கன்னங்குறிச்சி, கன்னங்குறிச்சி என்று கூவினான். பஸ்காரன் ஏற்காடு, பூக்காட்சி என்று கூவினான்.

கண்ணுசாமியும் மயிலம்மாளும் சேலம் வெயிலில் இரண்டுக்கும் நடுவே நின்றார்கள்.

பரமத்தி வேலூரிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் புறப்பட்டு வந்தது துக்கம் கேட்க. கண்ணுசாமியின் மாமன் மகன் ராசப்பன் மலைக்காய்ச்சலில் போய்விட்டான். அடக்கம் முடிந்த பிறகுதான் சேதி வந்தது. வேலூரில் இருந்த தன் வெற்றிலைக் கொடிக்காலை விற்றுவிட்டு ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவன் அவன். அவன் பெண்டாட்டி குஞ்சம்மாள் மலையடிவாரத்தில், கன்னங்குறிச்சியில் இருந்தாள்.

இழவு வீட்டுக்குப் போனால் அங்கிருந்து வேறெங்கும் நுழையக் கூடாது. நேராக ஊர் வந்து தலை முழுக வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும்.

போவதற்கு முன்னால் எங்காவது நுழையலாமா என்பதைப் பற்றி மட்டும் பெரியவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

“திரும்பி வாரப்பப் போக முடியாதுங்க,” என்றாள் மயிலம்மாள், பஸ்ஸைப் பார்க்காமல். “போனா இப்பத்தானுங்க.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். வெற்றிலைக் கட்டு சுமந்தே பாதி ஆயுசைக் கழித்தவள். துரைமார்கள் வைக்கும் பூக்காட்சியைப் பற்றிச் சந்தையில் வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு ஏங்கிப் போயிருந்தாள்.

அவளைச் சாக்காக வைத்துக்கொள்வது கண்ணுசாமிக்குச் சுலபமாக இருந்தது. உள்ளபடி அவனுக்கும் ஆசைதான். செத்தவன் எங்கே ஓடியா போகப் போகிறான் என்று நினைத்தான். நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினான்.

மலைமேல் கொட்டகை கொட்டகையாகப் பூ. ஒரு செடிக்கு முன்னால் கூட்டம் நகரவே இல்லை. கருஞ்சிவப்பில், சோற்றுத் தட்டு அகலத்துக்கு, பேர் தெரியாத பூ. கனம் தாங்காத தண்டைக் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நூலால் அல்ல, கோரைப் புல்லால். குச்சியில் இறுக்கி, தண்டில் தளர்த்தி, முடிச்சு வெளியே தெரியாமல்.

“அட, நம்ம கொடிக்கால் கட்டாட்டவே இருக்குது பாரு!”

வேலூரில் அகத்தி மரத்தோடு வெற்றிலைக் கொடியை இப்படித்தான் கட்டுவார்கள். கண்ணுசாமி வாய்விட்டுச் சிரித்தான். ராசப்பன் ஞாபகமே அப்போது அவனுக்கு இல்லை.

மயிலம்மாள் கீழே உதிர்ந்து கிடந்த இதழ் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இறங்கும்போது, வாங்கிய பொரியைக் கடைசி வளைவுக்குள் தின்று தீர்த்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு முகத்தையும் மாற்றிக்கொண்டார்கள்.

கன்னங்குறிச்சியில் பொழுது சாய்ந்திருந்தது. மயிலம்மாள் குஞ்சம்மாளைக் கட்டிக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாக அழுதாள். பாதி செத்தவனுக்காக, பாதி காலையில் பட்ட சந்தோஷத்துக்காக.

அங்கே உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். நாமக்கல்லில் பஸ்ஸுக்கு டயர் வெடித்துவிட்டது, அங்கிருந்து நேராக இங்கேதான் வருகிறோம் என்றான் கண்ணுசாமி. டயர் வெடித்த சத்தம் எப்படி இருந்தது என்றுகூட விவரமாகச் சொன்னான்.

அழுகை ஓய்ந்ததும் குஞ்சம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

“காப்பித் தோட்டத்த உட்டு மூணு வருசமாச்சுங்கண்ணா. தொர பங்களாவுல பூச்செடி வேலைதான் அவருக்கு. இந்தக் காட்சிக்குன்னே ஒரு சேப்புப் பூவு. சாஞ்சிரக் கூடாதுன்னு காச்சலோட போயி கோரை கட்டிப்போட்டு வந்து படுத்தவருதான். மொக்கத்தான் பாத்தாரு. பூத்திருச்சுன்னு தொர நேத்து ஆள் உட்டுச் சொன்னாரு.”

கண்ணுசாமிக்கு அந்த முடிச்சு கண்ணுக்குள் வந்தது. காலையில் சிரித்த சிரிப்பும் கூடவே வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் வெட்கமாக இருந்தது.

“நான் வாசப்படி தாண்டக் கூடாது. நம்ம சனத்துல ஒருத்தராச்சும் பாத்துப்போட்டு, இப்படிப் பூத்திருக்குதுன்னு எங்கிட்ட வந்து சொல்ல மாட்டாங்களான்னு இருக்குதுங்கண்ணா.”

தட்டு அகலம். கருஞ்சிவப்பு. கூட்டம் நகரவே இல்லை. எல்லாம் அவன் வாய்வரை வந்துவிட்டது. டயர்க் கதை கேட்ட சொந்தக்காரர்களும் எதிரிலேயே இருந்தார்கள்.

மயிலம்மாளின் கை முந்தானை முடிச்சுக்குப் போனது. கண்ணுசாமி அவளை ஒரு பார்வை பார்த்தான். கை அங்கேயே நின்றுவிட்டது.

“நல்லாத்தான் பூத்திருக்கும் அம்மிணி,” என்றான், பார்க்காதவனைப் போல.

குஞ்சம்மாள் தலையாட்டினாள். ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

அந்த ஒரு வழக்கத்தை மட்டும் கண்ணுசாமி அன்று ஒழுங்காகக் கடைப்பிடித்தான்.