பச்சைச் சாயம்

வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த மூவரும், முதலில் சாலிகிராமத்தில் குமுதவல்லியின் வீட்டுக்குத்தான் போவோம் என்று அடம்பிடித்தார்கள். அவள் கணவர் தசரதன், பழைய டிவி தொடர் ஒன்றில், ஒரே ஒரு வாரம், பச்சைச் சாயம் பூசி வேற்றுக்கிரகவாசியாக நடித்தவர். அந்த ஒளிபரப்பு அவர்கள் ஊர்வரை எட்டியிருந்தது. இங்கே அந்த டேப்பை எப்போதோ அழித்துவிட்டார்கள். தசரதனும் இப்போது இல்லை.

"வாங்க, வாங்க. முதல்ல காபி சாப்பிடுங்க" என்றாள்.

மூவரும் டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி, இடது கையைத் தாடைக்கு அடியில் ஏந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு காபியை ஊற்றிக்கொண்டார்கள்.

கூட வந்த அதிகாரி அசந்துபோனார். "இது அவங்க ஊர் மரியாதை போலிருக்கும்மா!"

"அதெல்லாம் இல்ல சார். சாயம் கலைஞ்சா டைரக்டர் கத்துவாருன்னு எங்க வீட்டுக்காரர் அந்தத் தொடர்ல அப்படிக் குடிச்சாரு."

மூவரில் பெரியவர் தயங்கித் தயங்கித் தமிழில் கேட்டார்: "நாங்கள் சரியாகக் குடித்தோமா?"

குமுதவல்லி மூவரையும் பார்த்தாள். தசரதன் அவள் சோபாவில் மூன்று பேராக உட்கார்ந்திருந்தார்.

"அச்சு அசல் அவரேதாங்க" என்று டம்ளர்களை மறுபடி நிரப்பினாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னொரு தடவை குடிங்க."