முதல் ஆயிரம் கிலோமீட்டர்

"விலையைப் பாக்காதீங்கண்ணே, ஃபுல் சிந்தெடிக் ஆயிலே ஊத்துங்க" என்றான் சுரோசோ. அவன் கிஜாங் வண்டியின் இன்ஜினைப் பிரித்து, புது பிஸ்டன் ரிங் போட்டு, அப்போதுதான் மாட்டி முடித்திருந்தேன்.

"அது ரொம்ப வழுக்கும்யா. புது ரிங் தேய்ஞ்சு உக்காராது. இப்போ சாதா மினரல் ஆயில்தான். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் வடிச்சிட்டு நல்லதா ஊத்திக்க."

"எந்த கிரேடு? ஃபில்டரும் மாத்தணுமா? லோடு ஏத்தலாமா?"

கேட்டுக் கேட்டு சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டான்.

"ஆயிரம் வரைக்கும் லோடு வேணாம். ஆக்ஸிலரேட்டரையும் நோகாம மிதி. அதுவும் இந்த டியெங் மேட்டுல."

உடனே, சந்தையில் வாங்கிப் பின்சீட்டில் வைத்திருந்த அரிசி மூட்டையை இறக்கினான். கூட வந்திருந்த மனைவியைக் கூப்பிட்டான்.

"லஸ்மி, இதை முதுகுல கட்டிக்கிட்டு நடந்து வந்துடு."

"யோவ், வீடு மூணு கிலோமீட்டர் ஏத்தம்! ஒரு மூட்டைக்கு ஒண்ணும் ஆகாது. அவங்களையும் ஏத்திக்கிட்டுப் போ."

"வேணாம்ணே. பிரிச்சு மாட்டின இன்ஜின், பாவம்."

லஸ்மி மூட்டையைத் துணியில் கட்டி முதுகில் ஏற்றினாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அவங்களுக்கு என்னய்யா?"

"வயித்தைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தாங்க. நாளையோட பன்னெண்டு நாள்."

"வெயிட் தூக்கலாமான்னு டாக்டரைக் கேட்டியா?"

"கேக்கலியேண்ணே" என்றவன், வண்டியில் ஏறி, நான் சொன்னபடியே, ஆக்ஸிலரேட்டரை நோகாமல் மிதித்தான்.