பூட்டைத் திறக்க வந்தவள்

"முதல்ல அவன் பேரையே போட்டுப் பாக்குறேன்," என்று சொல்லிவிட்டு மெரெயானா ஒற்றை விரலால் தட்டினாள்.

திரையைப் பார்த்தாள். "இல்ல," என்றாள்.

எதிரே பதினொரு மாணவர்கள் நின்றார்கள். ராவிரி இருந்திருந்தால் பன்னிரண்டு பேர்.

பாவா சிப்பி எடுக்கக் கடலில் இறங்கிய ராவிரி, மூன்று வாரத்துக்கு முன்னால் பிணமாகக் கரை ஒதுங்கினான். அவனுடைய மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, கடலோர ஊரான பிளஃபிலிருந்து கல்லூரி இருக்கும் டனீடனுக்கு மூன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தாள் அவன் அம்மா மெரெயானா. வெறுங்கையோடு வரக் கூடாதென்று வகுப்புக்கு ஒரு பை நிறைய சீஸ் ரோல் வேறு. அது மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.

கணினிப் பாதுகாப்புப் பாடம் நடத்தும் ஃபெர்கஸ், தன் அறையில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். அவள் ஒப்பவில்லை. மகனோடு படித்த பிள்ளைகள் எல்லாரும் எதிரே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். பெற்ற மனசு, போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்து நாயின் பெயர். "இல்ல."

"மெரெயானா, இது ஊகிச்சுத் திறக்கிற பூட்டு இல்லங்க," என்றார் ஃபெர்கஸ். "நான்தான் இவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பகடைய உருட்டி, விழுற எண்ணுக்கு நேரா பட்டியல்ல என்ன வார்த்தை இருக்கோ அத எடுக்கணும். அப்படி அஞ்சு வார்த்தை. பிரியப்பட்டவங்க பேரு ஒண்ணுகூட வரக் கூடாது."

"அம்மா பேருமா?"

"திருடன் அதத்தான் முதல்ல தேடுவான்."

மெரெயானா சிரித்தாள். "வீட்டுல ஒரு நாளும் சொன்ன பேச்சு கேட்டதில்ல. உங்க பேச்சக் கேட்டிருக்கான் பாருங்க."

சிரித்த வாயோடு மறுபடி குனிந்தாள். இந்த முறை அவன் அப்பா வைத்திருந்த படகின் பெயர்.

யாராவது கடவுச்சொல் தட்டினால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது அந்த வகுப்பில் முதல் நாளே பழக்கப்படுத்தும் மரியாதை. அவள் விரல் இறங்கும்போதெல்லாம் தலைகள் தாமாகத் திரும்பின. ஃபெர்கஸ் சன்னலுக்கு வெளியே ஆலங்கட்டி விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவருக்குப் பக்கத்தில் நின்ற மாணவி அனஹேரா மட்டும் அந்த ஒற்றை விரலையே பார்த்தாள்.

கொக்கு, உப்பு, ஏணி, கம்பளி, திங்கள். ராவிரியின் கடவுச்சொல்லுக்கு அன்று பகடையை உருட்டியவள் அவள்தான். எழுதிக்கொண்டவன் ராவிரி.

அந்த ஐந்து வார்த்தைகளும் கண்ணை மூடினாலும் விடுவதில்லை. எங்கே வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்று பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த ரூம்ல இருக்கிற எல்லா மெஷினையும் ஓட விட்டாலும் நம்ம ஆயுசுக்குள்ள திறக்க முடியாது," என்றார் ஃபெர்கஸ். "அப்படி என்ன தேடுறீங்க? போட்டோவா?"

"போட்டோ என்கிட்ட எக்கச்சக்கமா இருக்கு." மெரெயானா தலையைத் தூக்கவில்லை. "போன் அவனோட கடல்ல போச்சு. போன்ல வர்ற மெசேஜ் எல்லாம் இதுலயும் வந்து விழும்னு சொல்லுவான். அன்னைக்கு இருந்த கடல்ல அவன் தனியா இறங்குற ஆள் இல்லங்க. தனியாத்தான் போனான்னு போலீஸ் எழுதி மூடிட்டாங்க. யாரு கூப்பிட்டதுன்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

அனஹேரா சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

'கடல் ஒண்ணும் மோசமில்ல, வாடா. பாறைல நிக்கிறேன்.' அவ்வளவுதான் அனுப்பினாள். அலை அவனை இழுத்தபோது அவள் பாறை மேல் நின்றாள். கத்தினாள். பிறகு ஓடினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தன் போனில் இருந்ததை அழித்தாள். அன்றிலிருந்து குழாயைத் திறந்தால் அந்தக் கடல் கேட்கிறது. குளிக்கவே பயமாக இருக்கிறது.

மிச்சம் இருப்பது இந்தக் கணினியில் இருக்கும் ஒரு பிரதிதான்.

பிறந்த தேதி. "இல்ல." ரக்பி அணியின் பெயர். "இல்ல."

ஊகித்துப் பிடிக்கவே முடியாது. அந்தக் கணக்கு அனஹேராவுக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும் ஒவ்வொரு தட்டலையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு எரியுது," என்றாள் மெரெயானா. "சன்னல் பக்கம் நிக்கிறியே, நீ வாம்மா. வந்து பாத்துச் சொல்லு."

அனஹேரா மேசையைச் சுற்றிப் போனாள்.

திரை கறுப்பாக இருந்தது.

கணினியை மெரெயானா இன்னும் போடவே இல்லை.

"எல்லாப் பிள்ளைங்களும் முகத்தத் திருப்பிக்கிச்சுங்க," என்றாள் மெரெயானா, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி. "நீ ஒருத்திதான், எங்க திறந்துடுமோன்னு என் விரலையே பாத்துக்கிட்டிருந்தே."

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மெரெயானா எழுந்து, அனஹேராவின் தோளைப் பிடித்து அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். பிறகு கணினியின் பொத்தானை அழுத்தினாள்.