ஆறு வினாடி

ஓய்வு பெறும் கார் பந்தய ஓட்டுநருக்காகப் பட்டறைச் சுவரில் பதாகை கட்டியிருந்தார்கள். கிராண்ட் பிரி பந்தயங்கள் 198. வெற்றி 0. இரண்டாம் இடம் 1. மற்றதெல்லாம் ஏழாவது, எட்டாவது என்று நடுவிலேயே ஓடி முடிந்தவை.

பின்சக்கரம் மாட்டும் டயர்க்காரர் அந்த ‘1’ஐப் பார்க்க முடியாமல் மூலைக்குப் போய் நின்றுகொண்டார்.

“அண்ணே, இங்கயா ஒளிஞ்சிருக்கீங்க?” ஓட்டுநர் கையில், அந்த இரண்டாம் இடத்துக்குக் கிடைத்த ஒரே கோப்பை. “பிடிங்க. இது உங்களுக்குத்தான்.”

“எனக்கெதுக்கு தம்பி? அன்னைக்கு முதல் இடத்துல போய்க்கிட்டிருந்த உங்களை, டயர் மாத்த வந்த இடத்துல கையைக் காட்டி ஆறு வினாடி நிறுத்தி வச்சவன் நான்.”

“நட்டு பிடிக்கலன்னுதானே நிறுத்தினீங்க? ஜெயிச்சா பெரிய டீம்ல சேத்துக்கறோம்னு சொல்லியிருந்தாங்க, அது போச்சு. போகட்டுமே! சக்கரம் கழண்டு சுவத்துல மோதியிருந்தா? என் பொண்ணுக்கு இன்னைக்கு அப்பான்னு ஒருத்தன் இருக்கான்னா, அது உங்களாலதான்.”

டயர்க்காரர் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

“ஏண்ணே கை இப்படி நடுங்குது?”

“வயசாகுது தம்பி.”

அன்றைக்கு வண்டியை நிறுத்தியபோது அந்தக் கையில் துளி நடுக்கம் இல்லை. இவன் ஜெயித்துப் பெரிய டீமுக்குப் போய்விட்டால் இந்தச் சின்ன அணியை இழுத்து மூடிவிடுவார்கள் என்ற ஒரே நினைப்புதான் இருந்தது.

நட்டு முதல் திருகிலேயே கச்சிதமாக இறுகிவிட்டிருந்தது.