பக்கம் குறிப்பிடப்படவில்லை

எந்தக் கை என்று டாக்டர் எழுத மறந்திருந்தார். ஊகிக்கக் கூடாது என்பது, நோய்களுக்குக் குறியீடு எழுதும் மருத்துவக் குறியீட்டாளர்களின் விதி. ஆகவே நளாயினி, கதிரேசனின் நரம்புக் கோளாறுக்கு 'பக்கம் குறிப்பிடப்படவில்லை' என்ற குறியீட்டைப் போட்டாள். குறியீடு சொன்னபடிதான் நரம்புகள் நடந்துகொள்ளும் காலம் அது. மதமதப்பு அவனுடைய இரண்டு கைகளுக்கும் மாறி மாறிப் போய்வந்தது.

"நாளைக்குத் தாலி கட்டணும் மேடம். எந்தக் கை எப்ப மரத்துப்போகும்னே தெரியல!"

"டாக்டர் பதில் வர ஒரு வாரம் ஆகும் சார்."

கூட வந்திருந்த மணப்பெண் கனகா குறுக்கிட்டாள். "அதை என் வலது கைக்கு எழுதிடுங்க. நான் சும்மா உக்காந்திருக்கப் போறவதானே?"

அதற்குத் தடை சொல்லும் விதி எதுவுமில்லை. நளாயினி மாற்றி எழுதினாள்.

மறுநாள் கல்யாணத்துக்கு அவளும் போயிருந்தாள். மூன்று முடிச்சும் கச்சிதமாக விழுந்தன. அக்கினியை வலம்வரக் கதிரேசன் மணப்பெண்ணின் வலது கையைப் பற்றினான்.

கனகா நிமிர்ந்து பார்த்தாள். "புடிச்சிட்டீங்களா?"