சூரிச் பெட்டி

தனுஷாவின் சூட்கேஸைத் தூக்கி வைத்ததும் தராசு முள் முப்பதைத் தாண்டி ஓடிப்போய் நின்றது.

வகுப்பே சிரித்தது.

விமான நிலையத்தில் பயணிகளைக் கவனிக்கும் வேலைக்கான பயிற்சி அது. யாழ்ப்பாண நகரத்தில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடந்தது. அன்றைக்குச் செய்முறைச் சோதனை. மேசைதான் கவுண்டர். தராசு அரிசிக் கடையில் இரவல் வாங்கியது. பாதி மாணவர்கள் உத்தியோகத்தர், பாதிப் பேர் பயணிகள். தலையணையையும் பழைய பேப்பரையும் அடைத்த பெட்டிகளோடு வந்திருந்தார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் நிவேதனா. முன்னால் அவளுடைய உயிர்த்தோழி.

"எங்கை போறீங்கள் மேடம்?"

"சூரிச்."

நிவேதனாவின் கன்னம் சூடாகியது. சூரிச்சில் இருக்கும் மச்சான் ஜெயதீபன் நிவேதனாவைப் பெண் கேட்டு ஒரு வருடம் ஆகிறது. தனுஷா பகிடி பண்ணுகிறாள் என்றே நினைத்தாள்.

படிப்பு முடியுமட்டும் அவன் பொறுக்கட்டும், கேட்டவுடன் தலையாட்டினால் மதிப்பு இறங்கிவிடும் என்று யோசனை சொன்னவளே தனுஷாதான். குருநகரில் மீன் விற்கிறவளின் மகளான நிவேதனாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கேட்ட முதல் விலைக்கே சரக்கைத் தூக்கிக் கொடுக்கிற ஆள் அந்தச் சந்தையில் கிடையாது. மச்சானுக்குச் செய்தி எழுத வெட்கமாயிருக்கிறது என்றபோது, போனை வாங்கி எழுதியவளும் தனுஷாதான்.

"பாரம் கூட, மேடம். திறந்து குறைக்க வேணும்."

"எங்கடை ஆக்கள்தானே தங்கச்சி. ஒருக்கால் கண்ணை மூடிவிடுங்கோவன்."

மறுபடி சிரிப்பு. மூலையில் இருந்து புள்ளி போட்டுக்கொண்டிருந்த சீவரத்தினம் மாஸ்டர் பேனையை ஆட்டினார். "திறக்கட்டும்."

தனுஷா பூட்டின் மேல் கையை வைத்தாள். உள்ளே பழைய புத்தகம்தான் சேர் என்றாள்.

நிவேதனா, சொல்லித் தந்தபடியே, பணிவாகக் கையை நீட்டிச் சாவியை வாங்கினாள்.

புத்தகம் எதுவும் இல்லை. விலைச்சீட்டுக் கழற்றாத தடித்த குளிர்ச்சட்டை ஒன்று. அதன் கீழே மிளகாய்த்தூளும் ஒரு கருவாட்டுப் பொதியும். அதற்கும் கீழே, மெல்லிய தாளில் சுற்றிய கலியாணக் கூறைச் சேலை.

தனுஷா கெட்டிக்காரி. பயணப் பெட்டியை நிறுக்க வீட்டில் தராசு இல்லை. சோதனைச் சாட்டில் இங்கே சும்மா நிறுத்துப் பார்த்துவிடலாமென்று உண்மையான பெட்டியையே தூக்கி வந்துவிட்டாள். பூட்டினால் போதும் என்று நம்பியதுதான் பிழை.

மாஸ்டருக்கு மெத்தச் சந்தோஷம். நடித்தால் இப்படிச் சாமான் சட்டோடு நடிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குக் காட்டினார்.

நிவேதனா கூறையை மடிப்புக் குலையாமல் திரும்ப வைத்தாள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. எந்தப் பயணியிடமும் அதைக் கேட்காமல் விடக்கூடாது.

"இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீங்களோ? வேறை ஆரும் ஏதும் தந்துவிட்டவையோ?"

தனுஷா மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கவுண்டருக்கு மேலாகக் குனிந்து, நிவேதனாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"கருவாடு உன்ரை அம்மா தந்துவிட்டவா, ஜெயதீபனுக்கு எண்டு. எங்கடை கலியாணக் கதையைச் சோதினை முடியுமட்டும் உனக்குச் சொல்ல வேண்டாமெண்டவா."

காலையில் நிவேதனாவின் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவைத்தவள் அம்மாதான்.

சோதனை இன்னும் முடிந்திருக்கவில்லை.

இருக்கை ஜன்னல் பக்கமா, நடைவழிப் பக்கமா என்று நிவேதனா கேட்டாள்.