கன்ட்ரோலரோடு ஒரு கேம்

வீடியோ கேம் கடையில் விலைபோகாத கேம்களை, எல்லாரும் கேட்டு வாங்கும் கைப்பிடிக் கருவியான கன்ட்ரோலரோடு ஒரே பெட்டியில் போட்டு விற்கும் யோசனை மேலாளருடையதுதான். ஒரே மாதத்தில் கிடங்கு காலி.

"கன்ட்ரோலர் வேணும்னா கேமையும் எடுத்துத்தானே ஆகணும்? தலையில கட்டத் தெரியணும்மா!" என்று கவுண்டர் பெண்ணிடம் பீற்றிக்கொண்டார்.

மறுநாள் முதலாளி இருவரையும் கூப்பிட்டார். "என் மைத்துனர் புதுசாக் கடை திறக்கிறார். நீங்க ரெண்டு பேரும் அங்க போங்க."

மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. "என் மூளைக்குக் கிடைச்ச மரியாதை. என் புண்ணியத்துல உனக்கும் யோகம்," என்றார் அவளிடம்.

புதுக் கடையில் மைத்துனர் அவளை வரவேற்று, சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தார்.

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "என் சீட் எது சார்?"

"கோச்சுக்காதீங்க. நான் கேட்டது இந்தப் பொண்ணை மட்டும்தான். உங்களையும் சேர்த்து எடுத்தாத்தான் அனுப்புவேன்னு மச்சான் சொல்லிட்டார்."